விசாரணைக்கு வந்து சத்தியம் பண்ணிச் சொல்லத் தயார் என்று தலைவர்கள் சொன்னார்களே, அப்புறம் என்ன ஆச்சு?

[திரையில்: வெள்ளை மாளிகைத் தோட்டம், 9 ஜூன் 2017]

வணக்கம். பக்கத்தில் ருமேனியா அதிபர் நிற்கிறார், அமெரிக்க அதிபர் டிரம்ப் நிருபர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பதவியிலிருந்து தூக்கிய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி, முந்தைய நாள்தான் செனட் குழு முன்னால் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லியிருந்தார். நீங்களும் அதே மாதிரி சொல்வீர்களா என்று ஒரு நிருபர் கேட்டார். நூறு சதவீதம் என்றார் டிரம்ப். 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரித்த சிறப்பு விசாரணை அதிகாரி ராபர்ட் முல்லரிடம் பேச ஆவலாக இருக்கிறேன், சத்தியம் செய்தே சொல்வேன் என்றார். கூடவே, வழக்கறிஞர்கள் சொல்வதைப் பொறுத்து என்று ஒரு வாலையும் ஒட்டிக்கொண்டார்.

தலைப்பில் வந்தது சத்தியம். நடந்தது அந்த வால்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை இழுத்தது. நேரில் வரவில்லை. 2018 நவம்பரில் எழுத்து மூலமாகப் பதில் வந்தது, அதில் 30 தடவைக்கும் மேல் நினைவில்லை என்று இருந்ததாக முல்லர் அறிக்கை சொல்கிறது, அந்தப் பதில்கள் போதவில்லை என்றும் சொல்கிறது. சம்மன் அனுப்பினால் கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுபடும் என்று விட்டுவிட்டார்கள். 2024இல் நியூயார்க் கிரிமினல் வழக்கிலும் இதே கதைதான், கூண்டேறுவேன் என்றார், ஏறவில்லை.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறக்காமல் இருப்பது அவருடைய உரிமை. அங்கேயும் அப்படித்தான், இங்கே நம் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அந்த உரிமையை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் கேமரா முன்னால் 'நான் வருகிறேன்' என்று சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே. அந்த வார்த்தையால் கிடைத்த நல்ல பெயரை வாங்கிக்கொண்டு, நாள் வரும்போது நழுவுவதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சரி, எழுதிக் கொடுத்தால் என்ன குறை? எழுத்தில் மறுகேள்வி கிடையாது. பக்கத்தில் வக்கீல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் செதுக்கலாம். கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல், போன மாதம் வேறு மாதிரி சொன்னீர்களே என்று பழைய பேப்பரை எடுத்து நீட்டுவார், அதற்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

[திரையில்: அலகாபாத் உயர் நீதிமன்றம், மார்ச் 1975]

இதன் பலத்தை நேரில் அனுபவித்தவர் இந்திரா காந்தி. 1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் அவரிடம் தோற்ற ராஜ் நாராயண் போட்ட வழக்கில், பிரதமராக இருக்கும்போதே அலகாபாத் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர் சாந்தி பூஷண். வேட்பாளர் ஆன பிறகு அரசு ஊழியரின் உதவியைத் தேர்தலுக்கு வாங்கியிருந்தால் தேர்தல் செல்லாது என்பதால், வழக்கில் ஒரு முக்கியமான கேள்வி, ரேபரேலியில் நிற்பதாக எப்போது முடிவெடுத்தீர்கள் என்பது. 1971 பிப்ரவரி 1 என்றார் இந்திரா. ஆனால் 1970 டிசம்பர் 29 அன்று நிருபர்களிடம் அவர் பேசியதை வைத்து, அன்றிலிருந்தே அவர் வேட்பாளர்தான் என்று நீதிபதி சின்ஹா முடிவுக்கு வந்தார். 1975 ஜூன் 12இல் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு, அந்த மாதமே எமர்ஜென்சி. பிற்பாடு எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் வந்தது. 1978 ஜனவரியில் அதன் முன்னால் ஆஜரான அதே இந்திரா, பிரதமராக ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்திருக்கிறேன் என்று காரணம் சொல்லி, சத்தியம் செய்து சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்.

கூண்டேறினால் என்ன ஆகும் என்று முன்பே தெரிந்துகொண்டவர், இரண்டாம் முறை ஏறவில்லை. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

[திரையில்: மெரினா, காமராஜர் சாலை]

2017 பிப்ரவரி 7, ராத்திரி. ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ. பன்னீர்செல்வம் கண்ணை மூடி உட்கார்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது. அம்மா மரணத்தில் விசாரணை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், உண்ணாவிரதமும் இருந்தார். அந்த வருஷம் செப்டம்பரில் ஆறுமுகசாமி ஆணையம் அமைந்தது. ஆணையம் உட்கார்ந்த கலச மஹால், எழிலக வளாகத்தில், நினைவிடம் இருக்கும் அதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. நடந்தே வந்துவிடலாம். சம்மன்மேல் சம்மன் போனது, வாய்தாமேல் வாய்தா ஆனது. நடுவில் 2019 ஏப்ரலில் அப்போலோ மருத்துவமனை கேட்டு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் ஆணையமே ஏறத்தாழ மூன்று வருஷம் முடங்கியது, அந்தக் காலத்தை அவர் கணக்கில் எழுத முடியாது. எல்லாம் போக, அவர் வந்து உட்கார்ந்தது 2022 மார்ச் 21.

என்ன சொன்னார்? அம்மா எதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று தெரியாது என்றார். மறுநாள் சசிகலா தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தபோது, சசிகலா மேல் தனக்குத் தனிப்பட்ட முறையில் சந்தேகம் இல்லை, மக்களிடம் இருந்த சந்தேகத்தைப் போக்கத்தான் விசாரணை கேட்டேன் என்றார். ஐந்து வருஷம் மேடையில் கேட்டது எங்கே, கேள்வி கேட்டதும் வந்தது எங்கே! கட்சியே இரண்டாகப் பிரிந்து சேர்ந்த விஷயம் இது. அந்தப் பதில் 2018இலேயே பதிவாகியிருந்தால், அந்த நாலு வருஷம் மக்கள் தெருவில் ஏந்தித் திரிந்த வதந்திகளில் பாதியாவது அடங்கியிருக்கும்.

இதில் சட்டத்தைப் பார்த்துப் பயப்படவும் பெரிதாக ஒன்றும் இல்லை. 1952ஆம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஆணையத்தில் ஒருவர் சொல்வதை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது. பொய் சாட்சி சொன்னால் மட்டும்தான் சிக்கல்.

இன்னொரு தந்திரமும் உண்டு, வருவார்கள், ஆனால் தங்கள் நிபந்தனையில் வருவார்கள். 2004 ஏப்ரல் 29 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ், செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி விசாரித்த குழுவைச் சந்தித்தார். சத்தியப் பிரமாணம் இல்லை, ஒலிப்பதிவு இல்லை, பக்கத்தில் துணை அதிபர் சேனி. தனியாகக் கேட்டால் இரண்டு பதில் வருமா என்று பார்க்கும் வாய்ப்பே அங்கே போய்விட்டது.

அதனால் அடுத்த முறை ஒரு தலைவர், அவர் நமக்குப் பிடித்தவராகவே இருந்தாலும் சரி, எந்த விசாரணைக்கும் தயார் என்று மைக்கில் சொன்னால், நிருபர்கள் அங்கேயே நின்று கேட்க வேண்டும்: எந்த ஆணையம், எந்தத் தேதி, சத்தியப் பிரமாணம் உண்டா, எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்கலாமா, சொன்னது முழுசாக வெளியே வருமா? கட்சிக்காரர்கள் கத்துவார்கள். கத்தட்டும், தேதி வாங்காமல் மைக்கை எடுக்கக் கூடாது.