ஐந்தடி ஏழு அங்குலம், 58 டிரை: வேல்ஸின் ஷேன் வில்லியம்ஸ்

[காட்சி: வெறும் மைதானம், ஓரக்கோடு]

1995 ரக்பி உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்தின் ஜோனா லோமு, தடுக்க வந்த இங்கிலாந்து வீரர் மைக் கேட்டை அப்படியே மிதித்துக்கொண்டு ஓடினார். ஆறடி ஐந்து அங்குல மலை அவர். ஓரத்தில் ஓடும் 'விங்' ஆட்டக்காரர் என்றால் இனி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரக்பி உலகமே நம்பத் தொடங்கிய காலம் அது.

ஐந்தே வருடத்தில், 2000 பிப்ரவரியில், வேல்ஸ் அணிக்காக அதே இடத்தில் ஆட வந்தவர் ஷேன் வில்லியம்ஸ். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். 'கடுகு சிறுத்தாலும்' என்று சொல்லிவிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனால் அந்தக் காரம் எங்கிருந்து வந்தது?

[காட்சி: வேல்ஸ் வரைபடம், அமன் பள்ளத்தாக்கு]

தெற்கு வேல்ஸில் கிளானமன் என்ற ஊரில் வளர்ந்தவர். உள்ளூர் அமன் யுனைடெட், பிறகு நீத் கிளப். முதலில் அவர் விங்கே இல்லை, ஸ்க்ரம் ஹாஃப். அதாவது, ஆட்கள் குவிந்து கிடக்கும் இடத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிறவர். குள்ளமானவர்களுக்கு ரக்பியில் வழக்கமாகக் கிடைக்கும் இடம் அது.

வேல்ஸ் அணிக்குள் வந்த பிறகும் நிலையான இடமில்லை. காயங்கள், அப்புறம் அணிக்கு வெளியே. 2003 உலகக் கோப்பைக்குக்கூட மூன்றாவது ஸ்க்ரம் ஹாஃபாகத்தான், கிட்டத்தட்ட உபரி ஆளாக, கூட்டிப்போனார்கள். சிட்னியில் நியூசிலாந்துக்கு எதிராகப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹேன்சன் அவரை விங்கில் இறக்கினார். ஷேன் ஒரு டிரை போட்டார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார்; இரண்டாம் பாதியில் வேல்ஸ் முன்னிலைக்கே வந்தது. கடைசியில் 53-37 என்று தோற்றார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் அவரை உபரி என்று சொல்லவில்லை.

[காட்சி: மெதுவாக ஓடும் அனிமேஷன், இரு வீரர்கள்]

சரி, அவர் என்னதான் செய்தார்? தடுக்க வருகிறவர் ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு காலில் முழு எடையையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். ஷேன் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார். கிட்டே வந்ததும் அடிகளைச் சின்னதாக்குவார். எதிராளி எந்தக் காலில் சாய்கிறாரோ, அந்தப் பக்கமாகவே சட்டென்று நழுவிவிடுவார். ஊன்றிய காலை எடுத்து அந்தப் பக்கம் வைப்பதற்குள் ஆள் போய்விட்டிருப்பார். நூறு கிலோ உடம்பை அப்படித் திருப்புவது கஷ்டம். தரையோடு ஒட்டிய எண்பது கிலோவுக்கு அது சுலபம். குறை என்று சொல்லப்பட்டதுதான் அங்கே கருவி.

2005-இல் கார்டிஃப் மைதானத்தில், உலகச் சாம்பியனாக இருந்த இங்கிலாந்துக்கு எதிராக மூலையில் ஒரு டிரை. வேல்ஸ் 11-9 என்று ஜெயித்தது. அந்த வருடம் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டத்தையும் வென்று, 1978-க்குப் பிறகு முதல் 'கிராண்ட் ஸ்லாம்'.

2008 இன்னும் ஒரு படி மேலே. மறுபடியும் கிராண்ட் ஸ்லாம். அவர் கணக்கில் ஆறு டிரை. பிரான்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவர் போட்டது 41-வது டிரை, கேரத் தாமஸின் வேல்ஸ் சாதனையைத் தாண்டியது. அதில் அந்தப் பிரபலமான நெளிவு சுளிவே இல்லை! பிரான்ஸ் கைநழுவவிட்ட பந்தைக் காலால் தட்டித் தட்டி விரட்டிப்போய், கோட்டுக்கு அப்பால் அதன் மேல் விழுந்தார். எனக்கென்னவோ அவருடைய டிரைகளில் இதுதான் பிடிக்கும். அந்த வருடம் உலகின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

[காட்சி: ஆட்ட நேரக் கடிகாரம்]

2011 டிசம்பர் 3, கார்டிஃப். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வேல்ஸுக்கான கடைசி ஆட்டம். 87-வது ஆட்டம். தோல்வி உறுதியாகிவிட்டது. ஆட்டத்தின் கடைசி நகர்வில் பந்து அவரிடம் வந்தது. அதுதான் 58-வது டிரை.

அதோடு முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை. 2012 மே மாதம் டப்ளினில், ஆஸ்ப்ரீஸ் கிளப்புக்காக லீக் இறுதிப் போட்டி. எதிரே, ஒரு வாரத்துக்கு முன்புதான் ஐரோப்பியக் கோப்பையை வென்ற லென்ஸ்டர். ஆறு புள்ளி பின்தங்கியிருந்த நேரத்தில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, மூலையில் ஷேன் பாய்ந்தார். அன்று அவருக்கு அது இரண்டாவது டிரை. டிரைக்கு ஐந்து புள்ளி வந்துவிட்டது, இன்னும் ஒன்று குறைகிறது. டிரைக்குப் பிறகு கிடைக்கும் உதை சரியாகப் போனால் இன்னும் இரண்டு புள்ளி. ஓரத்திலிருந்து சக வீரர் டான் பிகர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது: 31-30.