கன்றுத்தோலும் காசோலையும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் கைத்தட்டல் முழுவதையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, ஏழு மணிக்கு மேலும் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் பழைய கிளை மேலாளர் அவர்களே! இவர் முன்னால் விடுப்புக் கடிதத்தோடு நான் நின்ற நாள்கள் உண்டு. இன்று மைக் என் கையில், ஐயா எழுந்து போக முடியாது. எல்லோருக்கும் வணக்கம்.

ஐஸ்லாந்தின் பழைய ஏடுகள், அரசுடைமை, சந்தை என்று மூன்றைப் பற்றியும் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

நான் புத்தகத்தோடு உட்கார்ந்தாலே அப்பா சொல்வார்: “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.” வங்கியில் வேலை கிடைத்த அன்றும் சொன்னார். அந்தப் பழமொழியோடு எனக்கு ஐம்பது வருட வழக்கு.

ஐஸ்லாந்தில் பனையும் இல்லை, ஓலையும் இல்லை. கன்றுத்தோலில்தான் எழுதினார்கள். 1387இல் இரண்டு பாதிரியார்கள் எழுதத் தொடங்கிய ஒரு பெரிய புத்தகம், யோன் என்ற பணக்கார விவசாயிக்காக. நார்வே அரசர்களின் கதைகள், கிரீன்லாந்துக்காரர்கள் மேற்கே கடல் கடந்து போன கதை, உலகம் தோன்றியதிலிருந்து வருடவாரியாக ஒரு குறிப்பேடு, எல்லாம் அதில் உண்டு. அதற்கு 113 கன்றுகளின் தோல் வேண்டியிருந்ததாம். நம் ஊர் மாட்டுத் தரகர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

அந்தப் புத்தகம் பல தலைமுறை கழித்து ஃப்ளாட்டே என்ற சின்னத் தீவில் யோன் ஃபின்சன் என்பவர் வீட்டில் இருந்தது. ஸ்கால்ஹோல்ட் பேராயர் ப்ரின்யோல்வூர் ஸ்வெயின்சனுக்கு அதன்மேல் கண். பணம் தருகிறேன் என்றார். மாட்டேன் என்றார் யோன். சரி, நிலம் தருகிறேன் என்றார். அதற்கும் மாட்டேன். கேட்பது யார்? பேராயர். நம் பக்கத்தில் ஆதீனகர்த்தர் ஆள் அனுப்பி ஒரு ஓலைக்கட்டைக் கேட்டால், கட்டோடு வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடுவோம். இந்த மனிதர் அசையவில்லை. 1647இல் பேராயரே தீவுக்கு வந்தார். அப்போதும் பேரம் படியவில்லை. பேராயர் வெறுங்கையோடு கிளம்புகிறார். வழியனுப்பப் போன யோன், அந்தப் புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டார். சும்மா! ஒரு காசு வாங்கவில்லை. என் பாட்டியும் இதே ரகம். அவள் வெண்கல உருளியை விலைக்குக் கேட்ட உறவுக்காரரைத் திண்ணையிலிருந்தே விரட்டினாள். அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு அதே உருளியைச் சீராகக் கொடுத்தாள். விற்க மாட்டாள், கொடுப்பாள். இந்த வித்தியாசம் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இல்லை. (கைத்தட்டல். பேராசிரியர் மட்டும் தட்டவில்லை.)

பேராயர் அதை 1656இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பிவிட்டார். ஐஸ்லாந்து அப்போது அவர்கள் ஆட்சியில். இப்படி அங்கே போன ஏடுகளில் பல பிழைத்தன. ஊரில் தங்கியவற்றில் சிலவற்றைச் சட்டை தைக்க அளவுத்துண்டாக வெட்டினார்கள். நாம் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோமே, அதுபோல. ஏட்டுச் சுரைக்காய்!

அங்கே போன ஏடுகளை ஐஸ்லாந்துக்குத் திருப்பித் தர டென்மார்க் நாடாளுமன்றம் 1961இல் சட்டம் போட்டது. ஏடுகளை வைத்திருந்த அறக்கட்டளை, இது சொத்துப் பறிப்பு என்று உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1971 ஏப்ரல் 21இல் ஒரு போர்க்கப்பல் முதல் இரண்டு புத்தகங்களோடு ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு வந்தது. பள்ளிக்கும் கடைக்கும் விடுமுறை. புத்தகத்தை வரவேற்கக் கூடிய கூட்டம்!

அப்புறம், நான் சொல்ல வந்த விஷயம். 1965 நவம்பரில் லண்டனில் ஒரு ஏலம். ‘ஸ்கார்ட்ஸ்போக்’ என்ற 14ஆம் நூற்றாண்டு ஏடு, அப்போஸ்தலர்களின் கதைகள் கொண்டது, விலைக்கு வந்தது. இங்கே சட்டமும் இல்லை, போர்க்கப்பலும் இல்லை, சந்தைதான். நாட்டின் மக்கள்தொகையோ இரண்டு லட்சம்கூட இல்லை. அந்த ஏட்டை 36,000 பவுண்டுக்கு எடுத்து நாட்டுக்குக் கொடுத்தது யார் தெரியுமா? ஐஸ்லாந்து வங்கிகள்! பெரிய வங்கிகள் அன்றைக்கு அரசுடைமை. தனியார் வங்கிகளும் சேர்ந்துகொண்டன, அதை மறைக்கவில்லை.

அந்த அரசு வங்கிகள் என்ன ஆயின? லான்ட்ஸ்பாங்கியும் வேளாண் வங்கியும் 2002, 2003 வாக்கில் தனியார் கைக்கு முழுசாகப் போயின. 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அவற்றின் சொத்துக் கணக்கு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய பத்து மடங்குக்கு ஊதியிருந்தது. லான்ட்ஸ்பாங்கியைத் திரும்ப அரசே எடுத்து நடத்துகிறது. அதை வாங்கிய பெரும்பணக்காரர் திவாலானார். ஸ்கார்ட்ஸ்போக் ஐஸ்லாந்திலேயே இருக்கிறது, பத்திரமாக. அப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்: சமையலறை எரிந்தது, ஏட்டுச் சுரைக்காய் மட்டும் மிஞ்சியது.

அரசு வங்கியில் கட்சிக்காரர் சிபாரிசு உண்டே என்பீர்கள். உண்டு, ஐஸ்லாந்திலும் இருந்தது. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது தலைப்பை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். 1969இல் அரசுடைமையான 14 வங்கிகளில் ஒன்றில் பென்ஷன் வாங்குகிறவன் நான்; எனக்கு இதில் ஆதாயம் உண்டு, சொல்லிவிட்டேன். பொதுத்துறை வங்கிகளில் அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டத்தில் இருப்பதை மாற்றாதீர்கள் என ஒரு மனு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலகர் அம்மாவுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.