ஏற்றத்தில் திணறும் சாகா: கார்புரேட்டர் மேல் கை வைக்கும் முன்

வணக்கம் நண்பர்களே. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பேசுகிறேன். பின்னால் நிற்பது அப்பா வாங்கிய 1988ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. 1.3 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டர் வண்டி; பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் கார்புரேட்டர். சாகா சாலைக்கு வந்ததும் பினாங்குப் பாலம் திறந்ததும் ஒரே ஆண்டு, 1985. அப்பா பாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாகாவில்தான் வந்து முடிப்பார். இந்த வண்டியை நான் விடாமல் வைத்திருப்பதற்கு அவர்தான் காரணம்.

சென்ற வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலேக் பூலாவ் போனேன். துன் சர்டோன் சாலை உங்களுக்குத் தெரியும், வளைவுக்கு மேல் வளைவு. சமதரையில் வண்டி பஞ்சுபோல ஓடியது. ஏற்றம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆனதும் இழுவை குறைந்தது. மிதித்தால் குலுங்குகிறது, வேகம் எடுக்கவில்லை. ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது. அடுத்த ஏற்றத்தில் அதே கதை.

ஒரு பட்டறையில் காட்டினேன். எஞ்சின் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கார்புரேட்டர் போய்விட்டது, முழுதாக மாற்றிவிடு" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்ரோல் வந்து சேர்கிறதா என்று பார்க்காமல் கார்புரேட்டரைக் குறை சொல்வது, அரிசியே வராத வீட்டில் அடுப்பைக் குறை சொல்வது மாதிரி.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. வீட்டுக் கூரைத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்குமே, அதேபோல இதிலும் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் இறங்கினால் ஊசி வால்வு திறக்கும், நிறைந்தால் மூடும். வண்டி சும்மா நின்று ஓடும்போது எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் தேவை. அதனால் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் பலவீனமாக இருந்தாலும் கிண்ணம் நிறைந்தே இருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் மடமடவென்று குடிக்கும். வரத்து குறைவாக இருந்தால் கிண்ணம் வற்றிவிடும். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால், தேவை குறைந்த நேரத்தில் கிண்ணம் நிறைந்துவிடும். என் வண்டி செய்தது அச்சு அசலாக இதுதான்.

ஸ்பார்க் பிளக்கின் மின்பொறிக்கு மின்சாரம் தரும் 'காயில்' (coil) சூடேறி மின்பொறி போனாலும் இதே போலத் தோன்றும். ஆனால் பொறி போனால் பெரும்பாலும் விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் பற்றாக்குறை மெல்ல மெல்லக் குலுங்கி இழுவையைக் குறைக்கும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம்: குளிரில் எடுக்கக் காற்றைக் குறைக்கும் சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஊசி வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும். என் வண்டியின் பிளக் வெளுத்திருந்தது. அப்படியானால் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம்.

கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் கலவைத் திருகை நான் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால், எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு தொடுங்கள். ஒரு கோளாறு இருக்கும்போது திருகையும் கலைத்துவிட்டால் இரண்டு கோளாறு ஆகிவிடும்.

முதலில் பெட்ரோல் தொட்டி மூடி. காற்றோட்டம் அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாது. திணறியபோது மூடியைத் திறந்து பார்த்தேன். 'புஸ்' என்ற சத்தம் வரவில்லை, வண்டியிலும் மாற்றமில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்தது பம்ப். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காயில் கம்பியைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். தம்பி சாவியைத் திருப்பினான். ஒவ்வொரு துடிப்புக்கும் கனத்த தாரையாக விழவேண்டும். விழுந்தது நுரை! பாதி பெட்ரோல், பாதி காற்று.

பம்ப் கெட்டதா, பம்புக்கு முன்னால் ஏதாவதா? தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சிறு கலத்தில் சுத்தமான பெட்ரோல் ஊற்றி, புதுக் குழாய் ஒன்றால் பம்புக்கு நேராகக் கொடுத்தேன். மறுபடி சாவி. இப்போது நுரையே இல்லை. பம்ப் நன்றாக இருக்கிறது!

கேமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் உலோகக் குழாய்க்கும் வடிகட்டிக்கும் இடையில் இருந்த ரப்பர்த் துண்டு இது. நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. மடக்குகிறேன். பிடிப்பான் இறுக்கிய இடத்தில் காய்ந்த சேற்று நிலம்போல வெடிப்பு வெடிப்பாகத் திறக்கிறது. ஒரு சொட்டுகூடக் கீழே ஒழுகியதில்லை. காரணம், பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயில் பம்ப் உறிஞ்சும். வெடிப்பு வழியாகப் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை என்பதற்காகக் குழாய் நலம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

எனக்கு இன்னொரு புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது. பல மாதங்களாகக் காலையில் எடுக்க நெடுநேரம் சாவி திருப்ப வேண்டியிருந்தது. வயதான வண்டி என்று எல்லோரும் சொன்னார்கள். இரவில் அந்த வெடிப்பு வழியே காற்று புகுந்து, குழாயிலிருந்த பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிப் போயிருக்கிறது.

புதுக் குழாய் வாங்கும்போது பெட்ரோலுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் சில நாளில் ஊறிக் கெட்டுவிடும். ஒரு துண்டு வெடித்திருந்தால் மற்றத் துண்டுகளும் அதே வயதுதான். நான் எல்லாவற்றையும் மாற்றினேன், வடிகட்டியும் சேர்த்து. கார்புரேட்டரை ஒரு ஆணிகூடத் தளர்த்தவில்லை.

நேற்று மாலை அதே துன் சர்டோன் சாலை. அம்மா முன் இருக்கையில். திணறிய அந்த வளைவு வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு மேலே ஏறியது.