எண்ணெய்ச் சட்டி வைக்காத வருஷம்

நடுவர் அவர்களே, அவையோரே, பேச வரும் முன்பே பாதித் தட்டு முறுக்கை முடித்துவிட்ட எதிரணி நண்பர்களே, வணக்கம்.

'கிறிஸ்துமஸ் நினைவுகளைக் காத்து நிற்பது வீட்டு அடுக்களையா, ஊர்த் தெருவா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அடுக்களைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தெருவை அழகாகக் காட்டினார். மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய நட்சத்திரம், ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டும் கேரல் ரவுண்ட்ஸ், முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா. எல்லாம் உண்மை. முகமூடிக்குள் யார் என்று கண்டுபிடிக்க நாங்கள் செருப்பைத்தான் பார்ப்போம். எங்கள் தெருத் தாத்தா வருஷா வருஷம் என் சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். மிட்டாய் கிடைக்கிறதே என்று நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கேரல் ரவுண்ட்ஸ் போன பையன்களைக் கூப்பிட்டு, எந்த வீட்டில் என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். முழிப்பார்கள். எந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். "உபதேசியார் வீட்டில் சுக்குக் காப்பி, வாத்தியார் வீட்டில் கேக், அதுவும் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு" என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். தெருவில் நடந்ததையே அடுக்களை வழியாகத்தான் ஐயா ஞாபகம் வைத்திருக்கிறார்கள்!

அப்புறம் குடில். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தார் என்று எதிரணித் தலைவர் ஆண்டோடு சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் குடிலில் புல்வெளி பச்சைப்பசேல் என்று நின்றதே, அது எங்கிருந்து வந்தது? பத்து நாள் முன்னாடியே ஆச்சி பழைய தாம்பாளத்தில் மண் பரப்பி, அடுக்களை டப்பாவிலிருந்து கேழ்வரகை அள்ளித் தூவுவாள். பெத்லகேமுக்கே எங்கள் அடுக்களையிலிருந்துதான் சப்ளை.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. நாசரேத் என்றால் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற நாசரேத். எங்களுக்கு டிசம்பர் மாதம் சிறுபயறு வறுக்கும் வாசத்தோடு பிறக்கும். முந்திரிக்கொத்து என்ற பலகாரத்துக்கு. அதில் முந்திரிப் பருப்பு மருந்துக்கும் கிடையாது. இதைச் சொன்னால் சென்னைக்காரர்கள் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். மும்மூன்று உருண்டையாக மாவில் முக்கிப் போட்டால் கொடிமுந்திரிக் குலை, அதாவது திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அந்தப் பெயர் என்பது ஆச்சி சொன்ன கணக்கு. வறுத்த பயற்றைத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு எல்லாம் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூடு ஆறும் முன்னே உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டுகிறவள்தான் நல்ல மருமகள் என்று தீர்ப்புச் சொல்வார்கள் நடுவரே. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அந்தக் கருப்பட்டி கோடையில் வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கசிந்துவிடும் என்று அடுப்புக்கு மேலே பரணில், புகையிலேயே கிடக்கும். அதாவது எங்கள் அடுக்களையில் கிறிஸ்துமஸ் வேலை கோடையிலேயே தொடங்கிவிட்டது. எதிரணியின் தெரு அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்போதெல்லாம் கடையில்தானே வாங்குகிறீர்கள்?" என்று அடுத்து வருகிறவர் கேட்பார். வாங்குகிறோம். தூத்துக்குடி மக்ரூனைப் பேக்கரியில்தான் வாங்குகிறோம். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இவ்வளவுதான், ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது வராது. அதனாலேயே மக்ரூனைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதையும் கிடையாது.

அச்சுமுறுக்கைப் பற்றி உண்டு. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். மேல் விளிம்பு நனைந்தால் போச்சு, மாவு கவ்விக்கொள்ளும், கழன்று வராது. எங்கள் அச்சின் மரப்பிடி ஒரு பக்கம் கரிந்திருக்கும். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்ததாகத் தந்தி வந்த அன்று, அச்சை அடுப்போரம் போட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடியதில் கரிந்தது.

ஆச்சி இறந்த வருஷம் நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியும் வைக்கவில்லை, துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. கேரல்காரர்கள் வந்தார்கள். டிரம் அடிக்காமல் மெதுவாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். அதற்கு எதிரணிக்கு ஒரு மார்க் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "மதினி, அந்த அச்சைக் கொஞ்சம் தாங்க" என்று அம்மாவிடம் வாங்கிப் போயிருந்தார். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி வரும். கிறிஸ்துமஸுக்கு அதே வாளி எங்கள் வீட்டிலிருந்து நிறைந்து போகும். வெறும் வாளியைத் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. அத்தை அதுவரை அச்சுமுறுக்குத் தின்றிருக்கிறாரே தவிர, சுட்டதில்லை.

விடியற்காலை ஆராதனை முடிந்து வந்தால் திண்ணையில் வாளி. திறந்தால் பூவும் இல்லை, இதழும் இல்லை, அத்தனையும் துண்டு துண்டு. விளிம்பு வரை முக்கி, கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "ஆச்சி பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்றார். அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆச்சி குரலில் ஒரு வசவு எடுத்துவிட்டோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அந்த அச்சு இப்போது சென்னையில் என்னிடம் இருக்கிறது. நேற்று என் மகன் நான்தான் முக்குவேன் என்று நின்று, விளிம்பு வரை முக்கிவிட்டான். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "பக்கத்து வீட்டுக்காரி கை இவனுக்கு எப்படி வந்துச்சு?" என்றார். துண்டுகள் அத்தனையும் இதோ, இந்தத் தூக்குவாளியில். எதிரணித் தலைவருக்கும் உண்டு, ஆனால் தீர்ப்புக்கு அப்புறம்தான். வாளியை மட்டும் வெறுமனே திருப்பித் தராதீர்கள்.

நன்றி, வணக்கம்.