கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம். யார் வீட்டில் நல்ல பீங்கான் கோப்பையைப் பார்த்தாலும் அதைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, அதுவும் டீயைக் குடித்து முடித்த பிறகுதான். இந்தப் பைத்தியம் பிடித்தது பிரான்சின் செவ்ர் பீங்கானால்.

1740இல் பாரிசுக்குக் கிழக்கே வேன்சென் கோட்டையில் தொடங்கிய பட்டறை அது. 1756இல் செவ்ருக்கு மாறியது, 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே வாங்கிக்கொண்டார். அசல் பீங்கானுக்கு வேண்டிய கயோலின் என்ற வெள்ளைக் களிமண் அவர்களிடம் அப்போது இல்லை, அது லிமோழுக்குத் தெற்கே 1768இல்தான் கிடைத்தது. அதுவரை மணலையும் உப்புகளையும் சேர்த்துச் சுட்டு அரைத்த ஒரு மாவை வைத்துச் சமாளித்தார்கள். சூளையில் அது சுலபமாகக் கோணிப்போகும். ஆனால் தீட்டிய வண்ணம் மேல்பூச்சுக்குள் கொஞ்சம் இறங்கிவிடுவதால் பூவைத் தடவினால் வெண்ணெய் போல இருக்கும். எனக்கென்னவோ பின்னால் வந்த கெட்டிப் பீங்கானைவிட இதுதான் பிடிக்கும்.

சரி, அடிக்கு வருவோம். பின்னிக்கொண்ட இரண்டு 'எல்' எழுத்துகள், அது மன்னர் பெயருக்கு. நடுவில் ஓர் எழுத்து, அது வருடத்துக்கு: 'ஏ' என்றால் 1753, 'கே' என்றால் 1763. பக்கத்தில் ஓவியருடைய அடையாளம், தங்கம் பூசியவருடைய அடையாளம். சிலவற்றில் வெறுமனே 2000 என்று இருக்கும், விலையாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்! தங்கம் பூசிய ஒருவரின் பெயர் வேன்சான்; பிரெஞ்சில் 'வேன்' இருபது, 'சான்' நூறு, இருபது நூறு சேர்ந்தால் இரண்டாயிரம். நம் ஊர்ச் சிலேடைப் புலவர்கள் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள்.

ஆனால் அடியும் பொய் சொல்லும். 1800இல் நிர்வாகத்துக்கு வந்த பிரோனியார், கிடங்கில் கிடந்த சித்திரம் தீட்டாத பழைய வெள்ளைப் பாத்திரங்களை விற்றுத் தள்ளினார். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய பாணியில் பூவும் பறவையும் தீட்டி, பழைய முத்திரையையும் போட்டு விற்றார்கள். சட்டி அசல், சாயம் போலி. இவர்களைப் பல தடவை காட்டிக்கொடுப்பது இலைப் பச்சை. குரோமியம் என்ற உலோகத்தையே 1797இல்தான் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து வந்த பச்சை அடுத்த நூற்றாண்டுச் சரக்கு. அடியில் 'கே' போட்ட கோப்பையின் இலையில் எக்ஸ்ரே கருவி குரோமியத்தைக் காட்டினால், கோப்பைக்கு வயது எதுவானாலும் அந்த இலை 1763இல் தீட்டியதல்ல.