மாடும் மணலும் மட்டும்தானா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'போட்ஸ்வானா என்னும் நாட்டை அறியாத ஒருவருக்கு அதை அறிமுகப்படுத்தப் பெரிதும் உதவுவது நிலமா, வளமா, வரலாறா?' என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நான் வரலாற்றின் பக்கம் நிற்கிறேன். வாழ்த்துரைக்கு ஒதுக்கிய நேரத்தையும் வழக்குக்கே எடுத்துக்கொள்கிறேன். நடுவர் பொறுத்தருள வேண்டும்.

நிலத்துக்காக வாதிட்ட சகோதரி அழகாகப் பேசினார். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கடற்கரையே இல்லாத நாடு. ஏறத்தாழ 5,82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதில் பெரும்பகுதி கலஹாரி மணல். அவ்வளவு பெரிய இடத்தில் ஏறத்தாழ 24 லட்சம் மக்கள்தாம் என்றார். ஒகவாங்கோ ஆற்றை அவர் சொன்ன விதத்தில் நானே என் குறிப்புகளை மறந்துவிட்டேன். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் மழை பெய்கிறது. அந்த நீர் மாதக்கணக்கில் நடந்து போட்ஸ்வானாவுக்கு வந்து சேரும்போது அங்கே மழைக்காலம் முடிந்து வறண்ட காலம் நடக்கிறது. வந்த ஆறு கடலைத் தேடிப் போகாமல் மணலிலேயே விரிந்து, யானைகளுக்கும் எருமைகளுக்கும் நீர் கொடுத்துவிட்டு, ஆவியாகி மறைகிறது. யுனெஸ்கோ 2014-இல் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்த்தது இந்த நன்னீர்ச் சதுப்பைத்தான். நானும் கைதட்டினேன். ஆனால் சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி: அதே கலஹாரி மணல் நமீபியாவிலும் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது, அப்படியிருக்க அந்த மணலின் இந்தப் பகுதி மட்டும் ஏன் தனி நாடாயிற்று? மணலைக் கேட்டால் அது பதில் சொல்லாது. அந்தப் பதில் என் அணியிடம் இருக்கிறது.

வளத்துக்காகப் பேசிய நண்பரும் இலேசானவர் அல்லர். 1950-களில் மோட்லவுட்சே ஆற்றுப் படுகையில் சில சிறிய வைரங்கள் கிடைத்ததையும், அவற்றின் தாய்ப்பாறையை ஆற்றின் தலைப்பகுதியில் தேடிக் காணாமல் நிலவியலாளர்கள் தவித்ததையும், பழங்காலத்தில் நிலம் மேலெழும்பி அந்த ஆற்றின் மேற்பகுதியைத் துண்டித்திருக்க வேண்டும் என்று ஊகித்து இன்னும் மேற்கே போய் 1967-இல் ஒராப்பா என்னும் இடத்தில் வைரப் பாறையைக் கண்டுபிடித்ததையும் அவர் துப்பறியும் கதை போலச் சொன்னார். ஜ்வானெங்கில் தடித்த மணலுக்கு அடியில் கிடந்த பாறையின் கனிமத் துகள்களைக் கறையான்கள் மேலே கொண்டுவந்து புற்றில் வைத்துக் காட்டிக்கொடுத்ததையும் சொன்னார். 2024-இல் கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் எடையில் ஒரே கல் கிடைத்ததையும் விட்டுவைக்கவில்லை. இவை எல்லாம் உண்மை. மறுப்பதற்கு எனக்கு வழியில்லை.

ஆனால் போகிற போக்கில் என் பக்கம் திரும்பி ஒரு குத்து வைத்தார். 'வைரம் கிடைப்பதற்கு முன்னால் அந்த நாட்டில் மாடும் மணலும் தவிர வேறென்ன இருந்தது? அதை வரலாறு என்று சொல்லிக்கொண்டு ஓர் அணி வந்திருக்கிறதே!' என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நடுவரும் சிரித்தார், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சிரித்ததை நான் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன். ஆகவே என் மீதி நேரம் முழுவதும் அந்த மாட்டுக்கும் மணலுக்குமே உரியது.

முதலில் மணல். அது யாருடைய மணல் என்பது முடிவான கதையைக் கேளுங்கள். ஆண்டு 1895. இன்று போட்ஸ்வானா எனப்படும் நிலம் அன்று பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. செசில் ரோட்ஸ் என்பவர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த கேப் காலனியின் பிரதமர். வைர வணிகத்தை வளைத்துப்போட்ட டி பீர்ஸ் நிறுவனத்தை 1888-இல் நிறுவியவர். இவை போதாவென்று, பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி என்ற ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு வடக்கே நாடுகளையே விழுங்கிக்கொண்டிருந்தார். பெச்சுவானாலாந்தையும் தம் கம்பெனிக்குக் கொடுத்துவிடும்படி அவர் பிரிட்டனை நெருக்கினார். பிரிட்டனுக்கும் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம்.

அந்த நிலத்தின் மூன்று அரசர்கள் கப்பலேறினார்கள். பாங்வாட்டோ மக்களின் மூன்றாம் காமா, பாக்வேனா மக்களின் செபேலே, பாங்வாகெட்சே மக்களின் பாத்தோன் ஆகிய மூவரும், உடன் வந்த ஒரு சமயப் பணியாளருமாக, நேரே இலண்டனுக்குப் போய்க் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஜோசப் சேம்பர்லினைச் சந்தித்து, 'எங்களை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்காதீர்கள்' என்று முறையிட்டார்கள். அமைச்சர் என்ன செய்தார் தெரியுமா? 'நீங்களே கம்பெனியுடன் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்' என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆட்டைக் காப்பாற்றச் சொல்லிப் போனால், ஓநாயுடன் பேசித் தீர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போவதைப் போன்றது அது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த கப்பலுக்குச் சீட்டு எடுத்திருப்பார்கள். இந்த மூவரும் திரும்பவில்லை. அமைச்சர் இல்லாவிட்டால் என்ன, அமைச்சருக்கு வாக்களிக்கும் மக்கள் இருக்கிறார்களே என்று இங்கிலாந்தைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். ஊர் ஊராகத் தேவாலயங்களிலும் பொது மண்டபங்களிலும் மேடையேறினார்கள். காமா தம் நாட்டில் மதுவைத் தடைசெய்தவர். 'கம்பெனி வந்தால் அதன் பின்னாலேயே சாராயமும் வரும். எங்கள் நிலமும் போகும், எங்கள் மக்களும் கெடுவார்கள்' என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். இங்கிலாந்தின் மது ஒழிப்புச் சங்கத்தாருக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறென்ன வேண்டும்? செய்தித்தாள்கள் எழுதின, திருச்சபையார் அரசுக்கு மனு எழுதினார்கள், கூட்டங்களில் தீர்மானங்கள் நிறைவேறின.

இதையே அமைச்சர் பக்கத்திலிருந்து மறுபடியும் சொல்கிறேன். எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. ஒரு மனிதர் நிம்மதியாக விடுமுறைக்குப் போகிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூவரும் இந்நேரம் கப்பலேறியிருப்பார்கள் என்ற நினைப்புடன் திரும்பி வருகிறார். வந்து பார்த்தால், அவருடைய நாட்டு மக்களே அந்த மூவரின் பக்கம் பேசுகிறார்கள். பரந்த பேரரசின் அலுவல்களைக் கவனித்த அமைச்சர், தம் அரசுக்கு வாக்களித்தவர்களின் மனுக்களுக்கு முன்னால் இறங்கிவர வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் உடன்பாடு முடிந்தது. இருப்புப்பாதை போட ஓரமாக ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்து, குடிசை வரி செலுத்தவும் இசைந்து, தங்கள் நாடுகளைக் கம்பெனியின் வாயிலிருந்து அவர்கள் மீட்டுக்கொண்டார்கள். விக்டோரியா அரசியாரையும் நேரில் கண்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். ரோட்ஸ் கொதித்துப்போனார்.

கதை இன்னும் முடியவில்லை. நடுவரின் கை மணியை நோக்கிப் போவதைப் பார்க்கிறேன், இதை மட்டும் முடித்துவிடுகிறேன். கிடைத்த அந்தத் துண்டு நிலத்தையாவது கம்பெனி ஒழுங்காக வைத்துக்கொண்டதா? அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் ரோட்ஸின் ஆளான ஜேம்சன் அங்கிருந்து ஒரு படையைத் திரட்டிக்கொண்டு பக்கத்து டிரான்ஸ்வால் குடியரசுக்குள் புகுந்தார்; சில நாட்களிலேயே, 1896 ஜனவரி 2 அன்று, பிடிபட்டார். ரோட்ஸ் பிரதமர் பதவியை இழந்தார். அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பெச்சுவானாலாந்து என்ற பேச்சை எடுக்க பிரிட்டனில் யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது வளத்தின் அணியை நான் கேட்கிறேன்: 1895-இல் அந்த மணல் ரோட்ஸின் கைக்குப் போயிருந்தால், 1967-இல் அதன் அடியில் கிடைத்த வைரம் யாருடையதாக இருந்திருக்கும்? வைரம் அன்றும் அதே இடத்தில்தான் கிடந்தது. அந்த மூவருக்கும் அது தெரியாது, தெரியாமலேயே காப்பாற்றினார்கள். அவர்கள் மறுத்த அதே மனிதர் நிறுவிய டி பீர்ஸ், 1970-களின் நடுவில் போட்ஸ்வானா அரசுக்குச் சுரங்க நிறுவனத்தில் சரிபாதிப் பங்கு கொடுக்க இசைந்தது. இன்று டி பீர்ஸிலேயே அந்த அரசுக்கு 15 விழுக்காடு பங்கு உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒராப்பா இருப்பது பாங்வாட்டோ மக்களின் நிலத்தில். நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான செரட்சே காமா, இலண்டன் போன அந்தக் காமாவின் பேரன். அதே இனத்தின் அரசுரிமைக்குப் பிறந்தவர். வெள்ளையரான ரூத் வில்லியம்ஸை 1948-இல் மணந்துகொண்டதற்காக, நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக்கூடாது என்று பிரிட்டன் அவரைச் சொந்த நாட்டிலிருந்து விலக்கிவைத்தது. ஊர்ப் பொதுமன்றமான கோட்லாவில் கூடிய மக்களோ, முதலில் மறுத்து, மீண்டும் மீண்டும் விவாதித்து, 1949-இல் அவரை மனைவியோடு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1956-இல் அரசுரிமையைத் துறந்துதான் அவர் ஊர் திரும்ப முடிந்தது. அப்படிப்பட்டவர் ஆட்சிக்கு வந்ததும், நிலத்தடிக் கனிமம் தனித்தனி இனத்தாருக்கு அல்ல, நாட்டுக்கே உரியது என்று 1967-இல் சட்டமானது. அதனால் பெரிதும் விட்டுக்கொடுத்தது அவருடைய சொந்த மக்களே. சியரா லியோனிலும் வைரம் இருந்தது. 1991 முதல் 2002 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்கு அந்த வைரமே பணம் கொடுத்தது. வித்தியாசம் கல்லில் இல்லை.

வரலாறு புகழ் மட்டும் பாடும் என்று நண்பர் நினைத்துவிட வேண்டாம். அந்த மண்ணின் மிகப் பழைய குடிகளான சான் மக்களை, மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து 1997-இலும் 2002-இலும் அதே அரசு வெளியேற்றியது. 2006-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றமே அது தவறு என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சுற்றுலாக் கையேடும் வைர விளம்பரமும் இதை அறிமுகத்தில் சேர்க்கமாட்டா.

சரி, மணல் முடிந்தது, மாட்டுக்கு வருகிறேன்.

1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை கிடைத்தபோது அந்த நாட்டின் நிலை என்ன? அதுவரை அதன் ஆட்சித் தலைநகரம் அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் பிரிட்டன் இந்த நாட்டை ஆண்டது. கபோரோனேயில் புதிய தலைநகரை அவசர அவசரமாகக் கட்டினார்கள். தார்ச்சாலை ஒரு சில கிலோமீட்டர்தான். கடும் வறட்சியில் ஆயிரக்கணக்கில் கால்நடைகள் மடிந்திருந்தன. நண்பர் சொன்ன மாடுதான் அவர்களுக்குச் சொத்து, சேமிப்பு, சீர்ப்பொருள், ஏற்றுமதி எல்லாமே. மாடு உள்ளவர் மாடில்லாத வீட்டுக்குத் தம் மாடுகளை மேய்க்கக் கொடுப்பதும், அந்த வீட்டார் பாலையும் உழவையும் தமதாக்கிக்கொள்வதும் அங்கே நெடுங்கால வழக்கம்.

அந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இல்லை. லெசோத்தோ, சுவாசிலாந்து, போட்ஸ்வானா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகம். அதன் முதன்மை வளாகம் லெசோத்தோவில் இருந்தது. 1975-இல் லெசோத்தோ தனியே பிரிந்து அந்த வளாகத்தைத் தனதாக்கிக்கொண்டது. போட்ஸ்வானாவின் மாணவர்கள் படிப்பு நடுவில் நிற்க ஊர் திரும்பினார்கள். அவர்களை உட்காரவைக்கப் போதுமான கட்டடம் நாட்டில் இல்லை.

செரட்சே காமா தம் மக்களிடம் கேட்டார். 1976-இல் எழுந்த அந்த வேண்டுகோளுக்கு 'ஆளுக்கொரு மாடு' என்று பெயர். ஊர் ஊராகக் கோட்லாக்களில் அந்தச் செய்தி போயிற்று. மாடு வைத்திருந்தவர்கள் மாட்டைக் கொண்டுவந்தார்கள். மாடில்லாதவர்கள் ஆட்டைக் கொண்டுவந்தார்கள். ஆடும் இல்லாதவர்கள் கோழியும், தானியமும், காசும் கொடுத்தார்கள். முட்டை கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் எழுத்தறியாதவர்களாக இருந்திருப்பார்கள்! தாங்கள் ஒருநாளும் நுழையப்போகாத ஒரு கட்டடத்துக்காக, யாரோ ஒரு பிள்ளை படிப்பதற்காக, தங்கள் தொழுவத்திலிருந்து ஓர் உயிரை அவிழ்த்துக்கொடுத்தார்கள்.

'வைரம் இருந்ததே, ஏன் மாட்டைக் கேட்டார்கள்?' என்று நண்பர் எழுந்து கேட்கலாம். ஒராப்பா அப்போதுதான் ஐந்தாண்டுச் சுரங்கம். மதிப்பில் உலகின் முன்னணிச் சுரங்கமான ஜ்வானெங் திறந்தது 1982-இல். போட்ஸ்வானாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானதும் அதே 1982-இல்தான். அந்தப் பெருஞ்சுரங்கம் பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு ஆறாண்டுகள் முன்பே மாடுகள் வந்து சேர்ந்துவிட்டன. மக்களிடம் கையேந்திய செரட்சே காமா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1980 ஜூலையில் காலமாகிவிட்டார். அந்த வளாகத்தில் இன்று ஒரு சிலை நிற்கிறது. அது வைரம் தோண்டுபவரின் சிலை இல்லை, நடுவர் அவர்களே. தம் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் ஓர் எளிய மனிதரின் சிலை.

போட்ஸ்வானாவிலிருந்து ஓர் இளைஞர் இங்கே வந்து, 'என் நாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டால், அவருடைய பாட்டி கொடுத்த மாட்டைப் பற்றி நாம் பேச வேண்டும். அப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.