பேயைவிடப் பெரிய பயம் பார்வையாளர் எண்ணிக்கை

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அவர்களே, எதிரே அமர்ந்து பேய்க்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, திகில் படம் பற்றிய பட்டிமன்றம் என்று தெரிந்தும் குழந்தைகளை அழைத்து வந்திருக்கும் துணிச்சல் மிக்க தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். கதையில் வருகிறவர்களே கேமராவைப் பிடித்து எடுத்ததாகக் காட்டும் படங்களை ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படங்கள் என்கிறோம். அவற்றில் ஒரு புதிய கிளை, நேரலை செய்து பிழைக்கும் இளைஞர்கள் பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் கதைகள். இந்தப் படங்களில் நம்மை அதிகம் அச்சுறுத்துவது பேயா, திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் பார்வையாளர் எண்ணிக்கையா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "பேயை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிச்சம்? ஒரு பையன் செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?" என்றார். ஐயா, அந்தப் பையன் செல்போனைப் பார்த்துப் பேசுவதை மட்டுமே வைத்து 2020இல் ஒரு படம் வந்துவிட்டது. பெயர் 'ஸ்ப்ரீ'. யூஜின் காட்லியாரென்கோ இயக்கிய அமெரிக்கப் படம். கர்ட் என்கிற இளைஞன் ஆண்டுக்கணக்காக வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறான், பார்க்க ஆளில்லை. அவன் சின்ன வயதில் பார்த்துக்கொண்ட ஒரு சிறுவனோ இன்று நேரலை உலகின் நட்சத்திரம். கர்ட் என்ன செய்கிறான்? செயலி வழியாக அழைக்கும் பயணிகளுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறான். காருக்குள் நாலாபுறமும் கேமரா. ஏறுகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு தண்ணீர் பாட்டில் நீட்டுகிறான். தண்ணீரில் விஷம். கொலையை நேரலையாகக் காட்டினாலும் கூட்டம் சேரவில்லை. எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் இது நடிப்பு என்று போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் அவன் முகத்தில் வருகிற ஏமாற்றம் இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தப் பேய் நிற்கும்? படம் முழுக்கத் தேடினாலும் ஒரு பேய் கிடையாது, பேராசிரியர் அவர்களே. ஆனால் படம் பார்த்த பிறகு வாடகைக் காரில் யாராவது தண்ணீர் கொடுத்தால் நான் வாங்குவதில்லை.

சரி, பேய் இருக்கிற படத்துக்கே வருகிறேன். எதிரணித் தலைவர் தம் துருப்புச் சீட்டாக இறக்கியது தென்கொரியாவின் 'கொன்ஜியாம்'. 2018இல் ஜங் பம்-ஷிக் இயக்கத்தில் வந்து, அந்த நாட்டில் மட்டும் 26 லட்சம் பேருக்கு மேல் திரையரங்குக்கு இழுத்த படம். பூட்டிக் கிடக்கும் மனநல மருத்துவமனைக்குள் ஆறு பேர் நுழைகிறார்கள். ஏழாமவன், அந்தக் குழுவின் தலைவன், வெளியே கூடாரத்தில் கணினிகளுக்கு முன் உட்கார்ந்து நேரலையை நடத்துகிறான். அவனாக நடித்த வீ ஹா-ஜூனைப் பின்னாளில் 'ஸ்க்விட் கேம்' தொடரில் போலீஸ்காரராகப் பார்த்திருப்பீர்கள். இலக்கு பத்து லட்சம் பார்வையாளர்கள்; அதற்கு மேல் வரும் விளம்பர வருமானம்.

கண் கறுத்துப்போன ஒரு பெண்ணின் முகம் கேமராவை ஒட்டி வந்து புரியாத மொழியில் முணுமுணுக்கும் காட்சியை எதிரணித் தலைவர் நடித்தே காட்டினார். நன்றாகவே நடித்தார், முன்வரிசைக் குழந்தை அழுதது. ஆனால் நடுவர் ஐயா, நான் ஒன்று கேட்கிறேன். அந்த முகத்தை இத்தனை பக்கத்தில் எடுத்த கேமரா எது? அந்தப் பெண் தன் உடம்பிலேயே மாட்டிக்கொண்ட கேமரா. உள்ளே போகிற ஒவ்வொருவரும் எதிரே இருப்பதைக் காட்ட ஒரு கேமராவும், தம் முகத்தைக் காட்ட ஒரு கேமராவும் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். படத்தின் பெரும்பகுதியை நடிகர்களே அப்படித்தான் படம் பிடித்தார்கள். பேயைப் பிடிக்கப் போகிறவனுக்குத் தன் முகத்தைப் படம்பிடிக்கும் கேமரா எதற்கு? நான் பயப்படுவதை நீ பார்க்க வேண்டும் என்பதற்கு. 1999இல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்ற படம் காட்டுக்குள் கேமராவோடு போனபோது, அது பெரும்பாலும் இருட்டைப் பார்த்தது. இங்கே கேமரா திரும்பி, பயப்படுகிறவரைப் பார்க்கிறது. பயம் விற்பனைச் சரக்கு ஆகிவிட்டது. எதிரணித் தலைவரைக் கதிகலங்க வைத்த அந்தக் காட்சியே எங்கள் கட்சிக்காரரான எண்ணிக்கை மாட்டிக் கொடுத்த கேமராவில் கிடைத்ததுதான்.

இன்னும் கேளுங்கள். அந்தத் தலைவன் முதலில் என்ன செய்கிறான்? குழுவில் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பொய்ப் பேயை ஏற்பாடு செய்கிறான். ஆவியை அழைக்கும் சடங்கில் அவர்களே தந்திரம் செய்து மற்றவர்களை அலற வைக்கிறார்கள். பிறகு அவர்கள் திட்டமிடாத காரியங்கள் நடக்கத் தொடங்குகின்றன. கூட்டாளிகள் இருவரும் வெளியே வந்துவிடலாம் என்கிறார்கள். இவன் விடுவதில்லை. ஏலம் கூறுகிறவன் கடைசி விலைக்காகக் காத்திருப்பதுபோல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 402ஆம் அறையின் கதவைத் திற, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்! கடைசியில் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். அவன் கணினியில் ஏறியது ஒரு எண்; வெளியே உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களோ சில நூறு பேர் என்று காட்டிப் படம் முடிகிறது. பார்த்தீர்களா? பேய்க்கே தெரிந்திருக்கிறது, இந்தக் காலத்து மனிதனை எதைக் காட்டி உள்ளே இழுக்க வேண்டும் என்று. பல்லையும் நகத்தையும் காட்டவில்லை, எண்ணிக்கையைக் காட்டியது.

படத்தை விடுங்கள், கொன்ஜியாம் என்பது நிஜமாகவே இருந்த இடம். கியோங்கி மாகாணத்தில், குவாங்ஜு என்ற ஊரில் இருந்த மனநல மருத்துவமனை. 1996இல் மூடப்பட்டது. நோயாளிகள் மர்மமாகச் செத்தார்கள் என்றெல்லாம் கதை கட்டினார்கள். கழிவுநீர்ச் சிக்கலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களின் நிலைமையும்தான் அது மூடப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்கள். சாக்கடைப் பிரச்சினையை வைத்து யார் வீடியோ பார்ப்பார்கள்? எனவே பேய் வந்தது. பேயைப் பார்க்க, இரவில் வேலி தாண்டிக் குதித்துக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். படம் வெளிவருவதைத் தடுக்கக் கட்டடத்தின் உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போனார், தடை கிடைக்கவில்லை. 2018இலேயே கட்டடம் இடிக்கப்பட்டது. இத்தனைக்கும் படப்பிடிப்பு அங்கே நடக்கவே இல்லை. பூசானில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. அந்த ஊர்க்காரர்களைப் போய்க் கேளுங்கள், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது பேயா, நேரலைக்காரர்களா என்று. தீர்ப்பை நடுவர் எழுத வேண்டியதில்லை, அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எதிரணிச் சகோதரி மென்மையாக ஒரு வாதம் வைத்தார். அதை நான் மதிக்கிறேன். 'டெட்ஸ்ட்ரீம்' படத்தில் பார்வையாளர்கள் கதாநாயகனுக்கு உதவுகிறார்களே, பேயின் வரலாற்றைத் தேடிச் சொல்கிறார்களே, தப்பிக்க வழி சொல்லி வீடியோ அனுப்புகிறார்களே, அவர்களைப் போய்ப் பயங்கரம் என்கிறீர்களே என்றார். நல்ல படம். 2022இல் ஜோசப் வின்டர், வனெசா வின்டர் தம்பதி இயக்கியது. கணவரே கதாநாயகனாகவும் நடித்தார். சிரித்துக்கொண்டே பயப்படலாம். ஆனால் சகோதரி, அந்தக் கதாநாயகன் ஷான் பேய் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான்? ஒரு கேவலமான வீடியோ போட்டு, கண்டனத்துக்கு ஆளாகி, விளம்பரதாரர்களை இழந்தவன் அவன். மீண்டும் பேர் வாங்குவதற்காகப் பேய் வீட்டில் ஓர் இரவைத் தனியாகக் கழிக்க வருகிறான். வந்ததும் முதல் வேலையாகத் தன் காரின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டுக்குள் எறிகிறான். கதவைப் பூட்டிச் சாவியைத் தனக்கே எட்டாமல் செய்துவிடுகிறான். எங்கே சத்தம் கேட்டாலும் ஓடாமல் போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரப் பணம் கிடையாது என்பது நிபந்தனை. இத்தனையும் நடக்கும்போது பேய் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, ஐயா! ஒரு மனிதன் தப்பிக்கும் வழிகளை எல்லாம் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறான், யாரும் துரத்தவில்லை.

அடுத்ததைச் சகோதரி சொல்லாமல் விட்டுவிட்டார். மறந்திருப்பார். நேரலையைப் பார்த்துவிட்டு நேரிலேயே ஓடி வந்ததாக ஒரு ரசிகை அந்த வீட்டில் தோன்றுகிறாள். இவனுக்கு எரிச்சல்; தனியாக இருக்க வேண்டிய நிகழ்ச்சியில் இவள் எதற்கு என்று போகச் சொல்கிறான். ஆனால் பார்வையாளர்களுக்கு அவளைப் பிடித்துப்போகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இவனுக்கும் பிடித்தாக வேண்டுமே! இருக்கட்டும் என்கிறான். அந்த ரசிகைதான் பேய். படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், பட்டிமன்றத்தில் ரகசியம் காப்பாற்ற முடியாது. மோகினியாக வந்தது, கறுப்புப் பூனையாக வந்தது என்று எத்தனையோ வேடம் கேள்விப்பட்டிருக்கிறோம். ரசிகை வேடத்தில் வந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று இந்தப் பேய்க்குத் தெரிந்திருக்கிறது. வேடமே எங்கள் அணியிடம் வாங்கியது. வாடகை இன்னும் வரவில்லை.

உதவினார்கள் என்றீர்கள். நேரலையில் இன்னொரு கொடுமை இருக்கிறது. பேசுகிறவன் செய்வது பார்க்கிறவன் திரைக்கு வந்துசேரச் சில நொடிகளாவது ஆகும். சில நேரம் அரை நிமிடம்கூட ஆகும். "பின்னால் பார்!" என்று ஆயிரம் பேர் தட்டச்சு செய்கிறார்கள். அவர்கள் பார்த்தது நடந்து முடிந்த கணம். எச்சரிக்கை அவன் கண்ணில் படும்போது பின்னால் நின்றது முன்னால் வந்திருக்கும். பழைய படங்களில் ஆட்கள் செத்துப் பல நாள் கழித்துத்தான் பதிவு யார் கைக்காவது கிடைக்கும். அப்போது அங்கே யாருமே இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். இந்தப் படங்களில் அந்த ஆறுதல் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் கூடவே இருந்தார்கள். "நடிப்பு", "போலி", ஒரு சிரிப்பு பொம்மை, ஓர் இதயம்.

இணையம் வருவதற்கு முன்பும் பேய்ப்படம் இருந்ததே என்று பேராசிரியர் இப்போது தலையாட்டுகிறார். இருந்தது. பேய் மட்டுமே பயமுறுத்திய படங்கள் நிறைய உண்டு, அதை மறுக்க எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் நேரலைத் திகிலுக்கு முன்னோடி என்று தேடினால் எங்கே போய் நிற்போம்? 1992 அக்டோபர் 31 இரவு, பிபிசி ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்'. பேய் பிடித்த வீட்டிலிருந்து நேரடி ஒளிபரப்பு என்ற தோற்றம். உண்மையில் முன்கூட்டியே எடுத்து வைத்த நாடகம். நிஜ வாழ்க்கையில் புகழ்பெற்ற தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சனே வந்து உட்கார்ந்ததால் ஏராளமானோர் நம்பிவிட்டார்கள். புகார்கள் குவிந்தன; பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. அதில் பேய்க்குப் பலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நாடே ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து. அந்த ஒளிபரப்பே நாடளாவிய ஆவி அழைப்புச் சடங்காகிவிட்டது என்பதுதான் கதையின் முடிச்சு. யாரும் பார்க்காமல் அணைத்திருந்தால் அந்தப் பேய் வீட்டுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

தைவானில் 2022இல் கெவின் கோ எடுத்த 'இன்கேன்டேஷன்' இதையே நம் வாயில் வைக்கிறது. அமானுஷ்யத்தைப் படம்பிடித்து வீடியோ போடும் மூன்று பேரில் இருவர் போகக்கூடாத சுரங்கத்துக்குள் போனதில் வந்த வினை. பல ஆண்டு கழித்து, அந்த மூவரில் ஒருத்தி, இப்போது ஒரு மகளுக்குத் தாய், கேமராவைப் பார்த்து, என் மகளுக்காக என்னோடு சேர்ந்து இதைச் சொல்லுங்கள் என்கிறாள். தாயாயிற்றே என்று நாமும் மனத்துக்குள் சொல்கிறோம். எதற்காகச் சொல்லச் சொன்னாள் என்பது கடைசியில் தெரிகிறது. சாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அவளுக்குக் கூட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம். எதிரணியினர் மூவர் பேசியும் தங்களுக்கு மிகவும் உதவக்கூடிய படத்தைச் சொல்லவே இல்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஊரடங்குக் காலத்தில், 2020இல், ராப் சாவேஜ் எடுத்த 'ஹோஸ்ட்'. நண்பர்கள் ஜூம் அழைப்பில் கூடி ஆவியை அழைக்கிறார்கள். நடிகர்கள் அவரவர் வீட்டில், இயக்குநர் தம் வீட்டில். ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். சுத்தமான பேய்ப் பயம். பார்வையாளர் எண்ணிக்கை என்று அதில் ஒன்றுமே இல்லை. அடுத்துப் பேச வரும் தம்பி அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நண்பர்களுக்குள் பேசிக்கொண்ட அழைப்பு, நேரலை இல்லை. ஆகவே தலைப்புக்குள் அதை எந்த வழியாகக் கொண்டுவந்தார் என்று மட்டும் நடுவரிடம் முதலில் சொல்லிவிடட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.